எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண்மணி வெள்ளவத்தையிலுள்ள எனது வீட்டுக்கு வந்தார். என்னிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவனின் தாய் அவர். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள பண்டகசாலை ஒன்றிலே பொருட்களைப் பொதிசெய்யும் பகுதியில் 11 ஆண்டுகளாக வேலை செய்பவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதமொன்றை எடுத்து மேசைமீது வைத்தார். ஒரு பக்கம் ஆங்கிலம். மறுபக்கம் அதன் தமிழாக்கம். அடியில் அவர் கையொப்பமிடுவதற்கென ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது.

“மூணு தடவை வாசிச்சுப் பாத்துட்டேன் சேர். எழுத்தெல்லாம் தெரியுது. எனக்கு வேலை இருக்கா இல்லையான்னுதான் வெளங்கல” என்றார்.

நானும் வாசித்தேன். அக்கடிதத்தின் தமிழ்ப் பகுதி ஏறத்தாழ இவ்வாறிருந்தது: நிறுவனத்தின் நிலைபேறான எதிர்காலத்தை உறுதிப்படுத்தும் மீள்கட்டமைப்புச் செயன்முறையின் ஓர் அங்கமாக மனிதவளத்தின் உகந்தமட்டமாக்கல் மேற்கொள்ளப்படவுள்ளது, அதன் பிரகாரம் தங்களது தற்போதைய வகிபாகம் மீளாய்வுக்கு உட்படுத்தப்பட்டு, பரஸ்பர இணக்கப்பாட்டின் அடிப்படையிலான வெளியேற்ற ஏற்பாட்டின்கீழ் கொண்டுவரப்பட்டுள்ளது, தங்களது எதிர்காலப் பயணம் சிறக்க வாழ்த்துகின்றோம்.

தமிழைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கும் அதனை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருந்தது. பின்னர் அவருக்குச் சொன்னேன்: “செலவைக் குறைப்பதற்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். நீங்களாகவே விரும்பி விலகுவதாக இந்தக் கோட்டின்மேல் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “இதச் சொல்றதுக்கா ரெண்டு பக்கம்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை. வேலை போவது உலகில் புதிதன்று. ஒரு மனிதருக்கு வேலை போய்விட்டது என்பதை அவருடைய தாய்மொழியிலேயே, அவருக்கு விளங்காதபடி சொல்லும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதனால் பயனடைவோர் யாவர்? அதனை எழுதிக்கொடுப்பவருக்கு அதில் எவ்வளவு பொறுப்பு உண்டு? வணிக மொழியின் கடுமையைப் பற்றிப் பேசும்போது நம்மிற் பலர் அதனை நகைப்புக்குரிய ஒன்றாகவோ, மொழிநடை பற்றிய குறையாகவோ மாத்திரம் கருதிவிடுகின்றனர். எனது நோக்கில் அது முதலும் முடிவுமாக ஓர் அறநெறி வினாவாகும்.

அக்கடிதத்தை இலக்கண மாணவனொருவனிடம் கொடுத்து எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவன் திகைத்துப்போவான். உகந்தமட்டமாக்கல் “மேற்கொள்ளப்படவுள்ளது”. யாரால்? வகிபாகம் “உட்படுத்தப்பட்டு” ஏற்பாட்டின்கீழ் “கொண்டுவரப்பட்டுள்ளது”. யார் கொண்டுவந்தார்? செயப்பாட்டுவினைக்கு உரிய மூன்றாம் வேற்றுமை அக்கடிதம் முழுவதிலும் ஓரிடத்திலேனும் இல்லை. செய்தவர் இல்லை, செய்கை மாத்திரம் இருக்கின்றது. மழை பெய்வது போலவும் பொழுது சாய்வது போலவும் வேலைநீக்கம் தானாகவே நிகழ்ந்துவிடுகின்றது. வாக்கியத்தின் கடைசியில் “வாழ்த்துகின்றோம்” என வரும்போதுதான் ‘நாம்’ என்ற ஓர் எழுவாய் முதன்முறையாகத் தலைகாட்டுகின்றது. வேலையைப் பறிக்கையில் எவரையும் காணவில்லை. வாழ்த்துவதற்கு மட்டும் ஆட்கள் இருக்கின்றனர்!

தமிழ் இலக்கணத்திலே தோன்றா எழுவாய் என ஒன்று உண்டு. “நாளைக்கு வா” என்னும்போது ‘நீ’ என்பது வாக்கியத்தில் இல்லை. ஆயினும் கேட்பவருக்கு அதில் ஐயம் எழுவதில்லை. சொல்ல வேண்டிய தேவையில்லாத அளவுக்குத் தெளிவாக இருப்பதனாலேயே அது தோன்றாதிருக்கின்றது. கந்தோர்க் கடிதங்களில் நாம் காண்பது இதற்கு நேர்மாறானது. அங்கே எழுவாய் மறைக்கப்படுகின்றது. சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி எழும் என்பதற்காகவே அது சொல்லப்படாதிருக்கின்றது. இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாடு, அடக்கத்தினால் பேசாதிருப்பவனுக்கும் குற்றத்தினால் பேசாதிருப்பவனுக்குமிடையேயுள்ள வேறுபாடு போன்றது.

இது வெறும் இலக்கண ஆராய்ச்சியன்று. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துதல் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. 15 பேருக்குக் குறையாதோரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமொன்று, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக, உரிய சேவைக்காலமுடைய ஒருவரை நிறுத்த விரும்பினால், இரண்டில் ஒன்று வேண்டும் என அச்சட்டம் கூறுகின்றது. ஒன்று, அவ்வேலையாளின் எழுத்துமூலமான முன்சம்மதம். மற்றையது, தொழில் ஆணையாளரின் எழுத்துமூலமான முன்அனுமதி. ஆணையாளரிடம் போனால் காரணம் காட்ட வேண்டும், விசாரணை நடக்கும், நட்டஈடு பற்றிய பேச்சு எழும். வேலையாளின் சம்மதம் கிடைத்துவிட்டாலோ இவை ஒன்றும் தேவையில்லை. ஆகவேதான் கடிதத்தின் அடியில் அந்தக் கோடு.

இப்போது அக்கடிதத்தின் மொழி ஏன் அவ்வாறிருந்தது என்பது புலப்படும். “உங்களை நிறுத்துகிறோம், சம்மதமா?” என்று நேராகக் கேட்டிருந்தால் எந்தத் தொழிலாளியும் சம்மதமில்லை என்றே சொல்லியிருப்பார், குறைந்தபட்சம் யாரிடமாவது ஆலோசித்திருப்பார். “பரஸ்பர இணக்கப்பாட்டின் அடிப்படையிலான வெளியேற்ற ஏற்பாடு” என்னும்போது அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. விளங்காத ஒன்றுக்கு அளிக்கப்படும் சம்மதம் சம்மதமாகுமா? இருட்டிலே ஒருவர் கையைப் பிடித்துக் கையொப்பமிடுவிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சட்டம் ஒரு கதவுக்குப் பூட்டுப் போட்டது. கடினமொழி அப்பூட்டுக்குக் கள்ளத் திறப்புச் செய்கின்றது.

இந்த நோய் இன்று தோன்றியதன்று. ‘மூலதனம்’ நூலின் முதற்றொகுதிக்கு 1883 இல் மூன்றாம் ஜெர்மன் பதிப்பு வெளிவந்தபோது அதற்கு எங்கெல்ஸ் ஒரு முன்னுரை எழுதினார். மார்க்ஸ் மறைந்த ஆண்டு அது. தம் காலத்து ஜெர்மன் பொருளியலாளரிடையே வழங்கிய இரு சொற்களை அந்நூலிற் புகுத்தத் தமக்கு எண்ணமே எழவில்லை என அவர் அதிற் குறிப்பிட்டார். பணம் கொடுத்துப் பிறர் உழைப்பைப் பெற்றுக்கொள்பவனை ‘உழைப்பைத் தருபவன்’ என்றும், கூலிக்காகத் தன் உழைப்பைக் கொடுப்பவனை ‘உழைப்பைப் பெறுபவன்’ என்றும் அச்சொற்கள் அழைத்தன. கொடுப்பவன் பெறுபவனாகவும் பெறுபவன் கொடுப்பவனாகவும் தலைகீழாகிவிடுகின்றனர் என்பது அவரது கண்டனம்.

நமது நாட்டிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. ஊழியர் சேமலாப நிதியம் பற்றிய தமிழ்ப் படிவங்களைப் பார்ப்பவர்கள் ‘தொழில்தருநர்’ என்ற சொல்லை அறிவர். தொழிலைத் தருபவர் யார்? காலை முதல் மாலை வரை தன் உடலுழைப்பைத் தருபவரா, அதைப் பெற்று அதற்கொரு விலை கொடுப்பவரா? எங்கெல்ஸ் கண்ட தலைகீழ்ச் சொல் கடல் கடந்து, மொழி மாறி, நமது படிவங்களில் அமைதியாகக் குடியேறியிருக்கின்றது. இதனை மொழிபெயர்த்தவர் தீய நோக்குடையவர் என்று நான் சொல்லவில்லை. எனினும் ஒரு வகுப்பின் பார்வை, எவரும் திட்டமிடாமலே, சொல்லின் வழியாக எல்லோருடைய பார்வையுமாகிவிடுகின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

இத்தனைக்கும் தமிழ் மக்களின் பழைய சொல் எவ்வளவு நேர்மையானது! முதலை ஆள்பவன் முதலாளி. தொழிலைச் செய்பவன் தொழிலாளி. யார் கையில் எது இருக்கின்றது என்பதை இச்சொற்கள் ஒளிக்கவில்லை. முதலாளி என்ற சொல் சிங்கள மொழியிலும் புகுந்து, கொழும்புத் தெருவெங்கும் இரு இனத்தவராலும் வழங்கப்படுகின்றது. மலையகத்துச் சம்பளப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி எழுதிய தமிழ்ப் பத்திரிகைகள், ஆங்கிலப் பெயர் எவ்வாறிருப்பினும், ‘முதலாளிமார் சம்மேளனம்’ என்றே எழுதி வந்தன. பெயரை வாசித்தவுடனே மேசையின் எந்தப் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பது தோட்டத் தொழிலாளிக்குத் தெரிந்தது.

வெள்ளவத்தையின் வரலாறு ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். இன்று ஹவ்லொக் சிட்டி என்னும் அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்திலே முன்னர் வெள்ளவத்தை நெசவாலை நின்றது. 1933 இல் அவ்வாலைத் தொழிலாளர் சம்பளக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் இடதுசாரி இயக்கத்தைக் கட்டியெழுப்பிய கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அதில் முன்னின்றனர். அவ்வாலையிலே சிங்களவரும் மலையாளிகளும் வேலை செய்தனர். வெவ்வேறு மொழி பேசியோர் அவர்கள். ஆயினும் தமக்கு என்ன நேர்கின்றது என்பதை விளங்கிக்கொள்வதற்கு அவர்களுக்கு எவருடைய விளக்கவுரையும் தேவைப்படவில்லை. கூலி குறைகின்றது, குறைப்பவர் இன்னார். இவ்விரு செய்தியும் கையிலிருந்தமையால் அவர்களாற் போராட முடிந்தது. தோல்வியும் பிளவும் பின்னர் வந்தன என்பது வேறு விடயம். எதிராளியின் பெயர் தெரியாத போராட்டம் தொடங்குவதுமில்லை.

1977 இற்குப் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அப்பெயரிலேயே சுதந்திரம் இருந்தது. பண்டத்துக்கும் மூலதனத்துக்கும் அது கிடைத்தது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த இளம்பெண்களோ தொழிற்சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்காகப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. கச்சேரிக் காலத்துக் கடிதங்களில் “தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்” என்ற அடிமைத்தனத்தின் மொழி இருந்தது. புதிய காலத்தில் அதன் இடத்துக்கு முகாமைத்துவத்தின் மொழி வந்தது. ஆளைக் குறைப்பது ‘சரியான அளவாக்கல்’ ஆயிற்று. வேலைப் பளுவைக் கூட்டுவது ‘வினைத்திறன் மேம்பாடு’ ஆயிற்று. ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதி ‘மனிதவளப் பிரிவு’ ஆயிற்று. நிலவளம், நீர்வளம், கனிவளம் என்போம். வளம் என்பது எடுத்துப் பயன்படுத்துவதற்கு உரியது. எடுத்து முடிந்தபின் குழி எஞ்சும். மனிதனை அவ்வரிசையில் வைத்த சொல் நமக்கு உறுத்தாமற் போனதே அச்சொல்லின் வெற்றி.

ஒரு பண்டகசாலையின் கடிதத்திலே நாம் கண்டது முழு நாட்டின் அளவிலும் நிகழ்ந்தது. 2022 ஏப்ரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. கடனைக் கட்ட எம்மிடம் காசில்லை என்பதே அதன் பொருள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. அதனை ‘எதிர்மறை வளர்ச்சி’ என்று எழுதினார்கள். தேய்பிறையை எவரும் எதிர்மறை வளர்பிறை என்று சொல்வதில்லை. பஞ்சாங்கத்துக்கு உள்ள நேர்மைகூடப் பொருளாதார அறிக்கைக்கு இல்லாமற் போயிற்று.

அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் இதனினும் பாரதூரமான ஒரு சொல் வந்தது. உள்நாட்டுக் கடனுக்கு அரசாங்கம் வகுத்த திட்டத்துக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயரை, தமிழிலே ‘மேம்படுத்தல்’ என்றும் ‘உகப்பாக்கம்’ என்றும் பலவாறாக எழுதினார்கள். 2023 ஜூலை முதலாந் திகதி, ஒரு சனிக்கிழமையில், பாராளுமன்றம் அதனை அங்கீகரித்தது. உகப்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். யாருடைய மகிழ்ச்சி என்று பார்ப்போம்.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதியம் தாபிக்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் அதற்கு மேலாக முதலாளியிடமிருந்து 12 வீதமும் மாதந்தோறும் அதில் சேர்கின்றன. முதுமைக்கென வைக்கப்படும் அப்பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்தின் கடன்முறிகளில் இடப்பட்டிருந்தது. அதாவது தொழிலாளர் தம் முதுமைப் பணத்தை அரசுக்குக் கடனாகக் கொடுத்திருந்தனர். புதிய திட்டத்தின்படி பழைய கடன்முறிகளைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரையில் முதிர்வடையும் புதியவற்றைப் பெற வேண்டும். அவற்றுக்கு 2025 வரை 12 வீதமும் அதன் பின்னர் 9 வீதமும் வட்டி. திட்டம் அறிவிக்கப்பட்ட அவ்வேளையில் குறுங்காலத் திறைசேரி உண்டியல்களுக்கு அரசாங்கம் 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது என்பது மனங்கொளத்தக்கது. இம்மாற்றம் கட்டாயமானதன்று, விருப்பத்துக்குரியது என்றார்கள். ஆயினும் விரும்பாத ஓய்வுகால நிதியங்கள் இவ்வருமானத்துக்குச் செலுத்தும் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்றும் சொன்னார்கள்.

அரசாங்கத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை எனச் சொல்வது நேர்மையன்று. வங்கிகளைத் தொட்டால் மக்களின் வைப்புகள் ஆட்டங்காணும் என்றும், நிதிய அங்கத்தவருக்கு குறைந்தது 9 வீத வருவாய் உறுதி செய்யப்படும் என்றும் அது வாதிட்டது. அவ்வாதத்தை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால் வாதம் நடைபெறுவதற்கு முதலிற் பொருள் விளங்க வேண்டுமல்லவா? “நாம் பட்ட கடனின் சுமையில் ஒரு பகுதியை உங்கள் முதுமைப் பணத்தின்மீது ஏற்றுகின்றோம், காரணம் இது” என்று சொல்லியிருந்தால், கொட்டாஞ்சேனையிலே பொதிகட்டும் பெண்ணும் அவ்வாதத்தில் ஒரு பங்காளியாக இருந்திருப்பார். அவருடைய பணமும் அந்நிதியத்தில் இருந்தது. உகப்பாக்கம் என்ற சொல் அவரை அந்த மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. பண்டகசாலைக் கடிதத்திலும் ‘இணக்கப்பாடு’; தேசத்தின் திட்டத்திலும் ‘விருப்பம்’. இரண்டிலும் சம்மதிப்பவருக்குத் தாம் சம்மதித்தது தெரியாது.

இங்கு சில மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் அதற்குரிய சொற்கள் வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும். 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர், தமிழிலே விஞ்ஞானத்தைச் சொல்ல முடியும் என்று காட்டுவதற்காகப் பாடுபட்டார். கலைச்சொல் என்பது, முன்னர் தெளிவாகச் சொல்ல இயலாதிருந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்வதற்காகப் பிறப்பது. நான் கண்டிக்கும் சொல், முன்னர் தெளிவாகச் சொல்லப்பட்டு வந்த ஒன்றைத் தெளிவற்றதாக்குவதற்காகப் பிறப்பது. ‘ஒளித்தொகுப்பு’ என்ற சொல்லை நீக்கினால் ஓர் அறிவு குறையும். ‘உகந்தமட்டமாக்கல்’ என்ற சொல்லை நீக்கினால் ஓர் உண்மை வெளிப்படும். எந்தச் சொல்லையும் சோதிப்பதற்கு இந்த அளவுகோல் போதும்.

தூய தமிழில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என எண்ணுவோரும் உளர். அக்கடிதத்தின் சொற்களிற் பெரும்பாலானவை நல்ல தமிழ் வேர்களிலிருந்து ஆக்கப்பட்டவையே. தூய்மை வேறு, தெளிவு வேறு. ‘பஸ்’ என்ற சொல் தமிழன்று. அது எவரையும் ஏமாற்றியதில்லை. 1987, 1988 ஆம் ஆண்டுகளின் அரசியல் திருத்தங்களின் பின்னர் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அதற்காகச் சிந்தப்பட்ட கண்ணீரும் குருதியும் கொஞ்சமல்ல. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உரிமை, ஆங்கிலக் கடிதமொன்றின் பின்பக்கத்தில் விளங்காத தமிழாக அச்சாகி வருவதுடன் நிறைவெய்திவிடுமா? தமிழெழுத்தில் வருவது வேறு. தமிழாக வருவது வேறு.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. எளிய மொழியும் அநீதிக்குத் துணைபோகாதா என்பது அது. போகும், போயிருக்கின்றது. “சிங்களம் மட்டும்” என்ற 1956 ஆம் ஆண்டின் முழக்கம் எவருக்கும் விளங்கக்கூடிய இரண்டே சொற்களால் ஆனது. ஆகவே எளிமை நீதிக்கு உத்தரவாதமன்று. ஆயினும் ஒன்றை நோக்குக. அவ்வநீதி வெளிப்படையாகச் சொல்லப்பட்டமையால், 1956 ஜூன் 5 ஆந் திகதி காலிமுகத்திடலில் அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தவர்களுக்குத் தாம் எதை எதிர்க்கிறோம் என்பதில் ஐயமிருக்கவில்லை. எளிய மொழி அநீதியைத் தடுப்பதில்லை. அநீதி மறைந்திருப்பதற்கு இடங்கொடாது. எதிர்ப்புக்கு அது நிபந்தனை.

பிற நாடுகளிலும் இவ்வுணர்வு எழுந்துள்ளது. அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946 இல் ஜோர்ஜ் ஓவல் எழுதிய கட்டுரை, தெளிவற்ற சொல் கொடுமையை நியாயப்படுத்துவதற்கு எவ்வாறு உதவுகின்றது என ஆராய்ந்தது. 1948 இல் பிரித்தானிய அரசு உத்தியோகத்தருக்கென ஏர்னெஸ்ட் கவர்ஸ் எளிய சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 2010 இல் அமெரிக்கா, அரச ஆவணங்கள் எளிய மொழியில் எழுதப்பட வேண்டும் எனச் சட்டமே இயற்றியது. இவையெல்லாம் வேண்டியவையே. எனினும் நமக்கு இதற்கொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். பின்னதை அவர் அறத்துப்பாலிலே வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. பயனற்றதைப் பேசுவது நடைக் குறையன்று, ஒழுக்கக் குறை என்பது அவர் கருத்து.

இனி, மிகவும் சங்கடமான கேள்வி. அக்கடிதத்தைத் தமிழில் எழுதியவர் யார்? நிறுவனத்தின் தலைவர் அல்லர். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்பதற்கில்லை. எழுதியவர் நம்மவர். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் வாழும் படித்த தமிழர்களில் ஒருவர். கணக்காளராகவோ, எழுதுவினைஞராகவோ, மொழிபெயர்ப்பாளராகவோ இருப்பவர். இத்தகைய வேலை செய்யும் நண்பரொருவரிடம் இதைப்பற்றிப் பேசினேன். “நாங்கள் தபாற்காரர் மாதிரித்தான். கடிதத்துக்குள்ளே சாவுச் செய்தி இருந்தால் தபாற்காரனிலே பிழை சொல்லுறதோ?” என்று கேட்டார்.

அவருக்குக் குடும்பம் இருக்கின்றது, வாடகை இருக்கின்றது. அவருடைய வேலையும் ஒருநாள் உகந்தமட்டமாக்கப்படலாம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனது நோக்கமன்று. ஆனால் அவரது உவமை பொருந்தவில்லை. தபாற்காரன் கடிதத்தைத் திறப்பதில்லை. நாமோ திறக்கின்றோம், வாசிக்கின்றோம், அதன் பொருளை முற்றாக விளங்கிக்கொள்கின்றோம், பின்னர் அப்பொருள் மற்றவருக்கு விளங்காதபடி மீண்டும் ஒட்டிக் கொடுக்கின்றோம். விளங்கிக்கொண்டதுதான் நமது பொறுப்பின் தொடக்கம். ‘நாம்’ என்று நான் எழுதுவது வெறும் நாகரிகத்துக்காக அன்று. பாடசாலை விடுமுறைக் காலங்களில் மேலதிக வருமானத்துக்காக இத்தகைய கடிதங்கள் சிலவற்றை நானும் மொழிபெயர்த்திருக்கின்றேன். ‘மீள்கட்டமைப்பு’ என்று எழுதும்போது அதன் பின்னால் எத்தனை பேரின் அடுப்பு அணையும் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதற்காகவே அச்சொல் எனக்கும் வசதியாக இருந்தது. அந்தப் பெண்மணி கொண்டுவந்த கடிதம் என்னுடையதன்று. என்னுடையதாக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

வேலையை விட்டுவிட வேண்டும் என்று எவருக்கும் நான் சொல்லவில்லை. ஆயினும் எழுதுபவர் கையில் எப்போதும் ஒரு சிறு இடம் எஞ்சியிருக்கின்றது. “நிறுத்தப்படுகின்றீர்கள்” என்ற சொல்லைப் போடலாமா என்று ஒருமுறை கேட்கலாம். மூன்றாம் வேற்றுமையைத் திருப்பி வைக்கலாம். பத்துச் சொல்லுக்குப் பதிலாக மூன்று சொல் எழுதலாம். மேலதிகாரி வெட்டிவிட்டால் வெட்டியவர் அவர் என்பதாவது தெளிவாகும். நாமே முன்கூட்டி வெட்டிக் கொடுப்பதே இழிவு.

ஆசிரியர்களாகிய நமக்கு இதனினும் பெரிய பணியுண்டு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றைக் கற்பிக்க நாம் ஆண்டுதோறும் அதே உதாரணங்களை எடுக்கின்றோம்: கண்ணன் பழத்தை உண்டான். கண்ணன் பழத்தை உண்பதால் எவருக்கும் நட்டமில்லை. உயர்வகுப்பு மாணவரிடம் ஒரு வங்கிக் கடிதத்தை, ஒரு கடன் ஒப்பந்தத்தை, ஒரு அரச அறிவித்தலைக் கொடுப்போம். யார் செய்தார், யாருக்குச் செய்தார், என்ன செய்தார் என்று கேட்போம். அவற்றைத் தம் தாய்க்கு வாசித்து விளங்கவைக்கும் தமிழில் திருப்பி எழுதச் சொல்வோம். இலக்கணம் பரீட்சைக்குரிய பாடமாக இருந்தது போதும்; அது ஏழைகளின் தற்காப்புக் கலையும் ஆகலாம். இன்று நம் வகுப்பிலிருக்கும் மாணவரே நாளை அக்கடிதங்களை எழுதப் போகின்றவர்கள். அவற்றைப் பெறப் போகின்றவர்களும் அவர்களே.

அந்தப் பெண்மணி அன்று கையொப்பமிடவில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டு, தன்னுடன் வேலை செய்யும் இருவரையும் அழைத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குச் சென்றார். அவர்களுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. அவர்களும் அதனை மூன்று தடவை வாசித்துவிட்டு மௌனமாக இருந்திருந்தார்கள். முடிவு என்னவாகும் என்பதை இன்னும் சொல்வதற்கில்லை. அங்கே முறைப்பாட்டை எழுதிக்கொடுக்க நான் உதவலாமா எனக் கேட்டபோது, “வேணாம் சேர், நானே எழுதுறேன்” என்றார்.

அவர் எழுதியதைப் பின்னர் எனக்குக் காட்டினார். ஆறே வரிகள். எழுத்துப்பிழைகள் இரண்டு இருந்தன. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இருந்தது.